சைக்கிளோடு ஓராண்டு – 5: முதலில் வலி போகட்டும்

சென்ற வாரம் உங்கள் உயரத்துக்கு ஏற்ற சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பார்த்தோம். சைக்கிள் வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஒரு மாதம்தான் கண்டம். நாற்பதைத் தாண்டி ஆசையாகச் சைக்கிள் வாங்குகிறவர்கள் பலர் இந்த ஒரு மாதத்துக்குள்தான் அதைக் கைவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மை வரும். உட்கார முடியாத அளவுக்குப் பின்புறம் வலித்தது, முட்டி பிடித்துக்கொண்டது, கை மரத்துப்போனது. "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது சார்" என்று முடித்துக்கொள்வார்கள்.

அவர்கள் உடம்பில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. சைக்கிளை அந்த உடம்புக்கு யாரும் பொருத்திக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் உடம்பு தேறும் என்று பலர் நம்புகிறோம். சைக்கிளில் அந்த நம்பிக்கை ஆளைக் கெடுத்துவிடும். ஒரு மணி நேரம் ஓட்டினால் நாலாயிரம், ஐயாயிரம் முறை முழங்காலை ஒரே மாதிரி மடக்கி நீட்டுகிறோம். உட்காரும் விதத்தில் ஒரு சின்னக் கோணல் இருந்தாலும் அத்தனை முறையும் அதே இடத்தில்தான் அடி விழும். அதனால் முதல் மாதம் வேகத்தையும் தூரத்தையும் மறந்துவிடுங்கள். வலியில்லாமல் உட்காரப் பழகுங்கள். தெம்பு அதற்குப் பின்னால் வரும்.

சீட்டின் உயரத்திலிருந்து தொடங்குவோம். நம்மில் பலர் சைக்கிள் பழகியது அப்பாவின் சைக்கிளிலோ, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளிலோதான். முதலில் குரங்குப் பெடல், பிறகு பார் மேல், கடைசியில்தான் சீட். கால் தரையில் எட்டுமா என்பதே அந்த வயதில் பெரிய கவலை. வளர்ந்த பிறகும் அது நம்மை விட்டுப் போகவில்லை. கடையில் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும்வரை இறக்கச் சொல்கிறோம்; கடைக்காரரும் இறக்கிக் கொடுத்துவிடுகிறார். முட்டிவலிக்கு அங்கேயே அச்சாரம் போட்டாயிற்று.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சுவரோரமாகச் சைக்கிளை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்கு இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். எட்டுவதற்காக இடுப்பு சாயக் கூடாது. ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதிப்போம். அப்போது அதே முழங்கால், பெடல் அடியில் இருக்கையில் சுமார் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். முட்டிக்குச் சிரமம் இல்லாத மடக்கு அதுதான்.

இந்த உயரத்தில் உட்கார்ந்தால் கால் தரையில் முழுதாக ஊன்றாது, நுனிவிரல்தான் தொடும். பயமாக இருக்கும். ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு சென்டிமீட்டர் ஏற்றுங்கள். நிறுத்தும்போது சீட்டிலேயே உட்கார்ந்திருக்காமல் முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பயம் போய்விடும். அதன் பிறகும் முட்டி வலித்தால் எங்கே வலிக்கிறது என்று கவனியுங்கள். முன்பக்கம் என்றால் சீட் பெரும்பாலும் தாழ்வாக இருக்கிறது. பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இரு பக்கமும் ஆடினாலோ உயரம் கூடிவிட்டது.

அடுத்தது எல்லோரும் சொல்லக் கூச்சப்படும் வலி. உட்காரும் இடத்தில் இரண்டு எலும்பு முனைகள் இருக்கின்றன. உடம்பின் பாரத்தை அவைதாம் தாங்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அந்த முனைகளில் முதல் இரண்டு வாரம் நோவு இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் அது தானாக அடங்கும். ஆனால் வலி தாங்காமல் பலரும் கடைக்கு ஓடிப்போய் மெத்தென்ற ஜெல் உறை ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். கால் மணி நேரத்துக்கு அது சுகமாகத்தான் இருக்கும். பிறகு எலும்பு அந்த மெத்தைக்குள் புதைய, நடுவில் உள்ள மெல்லிய சதையும் நரம்பும் அழுந்தத் தொடங்கும். கொஞ்சம் கெட்டியான, உங்கள் எலும்பு அகலத்துக்குப் பொருந்திய சீட்டே நல்லது. பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாக அதிகம் என்பதால் சற்று அகலமான, மூக்கு குட்டையான சீட் தனியாகக் கிடைக்கிறது. கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட வேண்டாம்.

நோவு வேறு, மரத்துப்போவது வேறு. தொடையிடுக்கு மரத்துப்போனால் அதை ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். சீட்டின்மேல் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். குமிழி நடுவில் நிற்க வேண்டும். மூக்கு மேல்நோக்கி இருந்தால் உடனே இறக்குங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று ரத்தம் ஓட விடுங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கினால் உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும். உள்ளாடையின் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்குகிறது.

கைக்கும் இதே கதைதான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் ஓரமாக ஓடும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துகிறது என்று பொருள். சீட்டின் மூக்கு கீழே சரிந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் கையில் இறங்கும். ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருந்தாலும் அப்படித்தான். முழங்கையை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கி வையுங்கள், கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

இவ்வளவு சொகுசு பார்த்தால் எப்போது வேகம் வரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறேன். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். 1888இல் காப்புரிமை பெற்றார். அதுவரை சைக்கிள்களுக்குக் கெட்டி ரப்பர் டயர்தான். மறு ஆண்டே வில்லி ஹியூம் என்ற பந்தய வீரர் அந்தக் காற்று டயருடன் பெல்ஃபாஸ்டில் களமிறங்கி, கெட்டி டயர்க்காரர்களைத் தோற்கடித்தார். ஒரு பிள்ளையின் சுகத்துக்காகச் செய்தது பந்தயத்தையே மாற்றிவிட்டது. உடம்பு குலுங்கும்போது வீணாகிற சக்தி, குலுங்காதபோது சக்கரத்துக்குப் போகிறது.

காற்று என்றதும் ஒன்று. எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டயரின் பக்கவாட்டிலேயே பி.எஸ்.ஐ. கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். குண்டும் குழியுமான நம் தெருக்களுக்கு, அந்த எல்லைக்குள் சற்றுக் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை பாருங்கள்.

இனி தெம்பு பற்றி. கியர் வைத்த சைக்கிள் வாங்கியவர்கள் செய்கிற முதல் காரியம், கனமான கியரில் போட்டு அழுத்தி மிதிப்பது. அப்படி மிதித்தால்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். சுமை முழுவதும் முட்டியில் இறங்கும். லேசான கியரில் போட்டுச் சற்று வேகமாகக் காலைச் சுழற்றுங்கள். பழகியவர்கள் நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிப்பார்கள். உங்களுக்கு 70 வந்தால் போதும், மற்றது போகப் போக வரும்.

எவ்வளவு வேகம்? பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் குறையுங்கள். இது சோம்பேறிகளின் வேகம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த வேகத்தில்தான் தசைக்குள் புதிய ரத்த நுண்குழாய்கள் கிளைக்கின்றன, சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளப் பழகுகிறது. பெரிய பந்தய வீரர்களும் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை இப்படி நிதானமாகத்தான் ஓட்டுகிறார்கள்.

முதல் இரண்டு வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறைந்து, உற்சாகம் பிறக்கும். அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். நுரையீரலும் இதயமும் வேகமாகப் பழகிக்கொள்ளும். தசைநாண்களுக்குப் பல வாரம் வேண்டும். "நன்றாகத்தானே ஓட்டுகிறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று ஐம்பது கிலோமீட்டர் போய்விட்டு, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் நிற்பவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வாரத்துக்கு இன்னொரு வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்ல வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சாகசத்தைவிட வாரத்தில் நாலு நாள், நாற்பது நாற்பது நிமிடம் என்பது எவ்வளவோ மேல். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020இல் சொன்ன அளவுக்குள் இது வந்துவிடுகிறது. பிரிட்டனில் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. வேலைக்குச் சைக்கிளில் போனவர்களுக்கு, காரிலும் பஸ்ஸிலும் போனவர்களைவிட இறக்கும் அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பந்தயக்காரர்கள் இல்லை, தினமும் அலுவலகம் போய் வந்த சாதாரண ஜனங்கள்.

நமக்கு இன்னும் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், பிள்ளை பெற்ற பிறகு, சேலை கட்டிக்கொண்டு பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். தண்ணீர் எடுக்க, வேலைக்குப் போக என்று தினமும் ஓட்டினார்கள். இந்த வயதில் முடியுமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இவர்களைப் பற்றித்தான்.

வெயில் நம் ஊரின் தனிப் பிரச்சினை. கடலோர ஊர்களில் புழுக்கத்தில் வியர்வை ஆறாது, உடம்பும் குளிராது. கோடையில் ஓட்டத் தொடங்கினால் வெப்பத்துக்கு உடம்பு பழகவே பத்துப் பதினைந்து நாள் ஆகும். விடியற்காலையில் கிளம்புங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் தண்ணீர் மட்டும் போதாது. உப்பிட்ட நீர்மோர், ஒரு வாழைப்பழம் வேண்டும். காற்றடிக்கும் நாளில், போகும்போது எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள், ரத்த அழுத்தமும் இதயக் கோளாறும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்வது அவசியம். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே இறங்கி உதவி கேளுங்கள்.

இந்த வாரம் தூரம் எதுவும் கணக்கு வைக்காதீர்கள். ஸ்பேனரையோ அலன் கீயையோ எடுத்துச் சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் உடம்பில் எங்கே வலிக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மறுமுறை கிளம்புவதற்கு முன் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிரேக்கும் சாலை நெரிசலும் அடுத்த வாரம்.

(மிதிப்போம்)