கையுறை கேட்பது முரண்டு அல்ல

விடியற்காலைப் பெரட்டு. மருந்தடிக்கும் பெண்கள் தோளில் பம்போடு நிற்கிறார்கள். ஓர் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்கிறார்:

“மண்டோர், கையுறை கிழிஞ்சு போச்சுங்க. புதுசு கிடைக்குமா?”

“ஸ்டோர்ல இல்லம்மா. இன்னிக்கு மட்டும் சமாளி, நாளைக்குப் பார்க்கலாம்.”

அக்கா பேசாமல் காட்டுக்குப் போய்விடுகிறார். மேலே வாய் திறந்தால் “முரண்டு பிடிக்கிறவள்” என்று பேர் வந்துவிடுமோ என்ற பயம்.

தோட்டப்புறச் சகோதர சகோதரிகளே, இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. முதலாளி–தொழிலாளி உறவு என்றால் சம்பளப் பேச்சுவார்த்தை மட்டும்தானா? இல்லை. கையுறையை யார் தருவது, கேட்டால் என்ன ஆகும் என்பதும் அதே உறவுதான்.

பாரகுவாட் மருந்தை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நகம் கெட்டது, மூக்கில் ரத்தம் வடிந்தது எல்லாம் அதனால்தான். உள்ளே போனால் முறிமருந்து கிடையாது. அதை ஒழிப்பதென 2002-இல் முடிவானது. 2006-இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல்தான் மலேசியாவில் முழுத் தடை வந்தது. பாரகுவாட் போனதால் ஆபத்து போய்விடவில்லை. மற்றக் களைக்கொல்லிகளும் தோல், கண், மூச்சு வழியாகக் கெடுதல் செய்யக்கூடியவையே.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, பாதுகாப்புச் சாமான் கொடுப்பது முதலாளியின் கடமை. அதற்காக நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. புகார் செய்தவரை அதற்காக வேலையிலிருந்து நீக்கவோ பழிவாங்கவோ கூடாது. 2024 ஜூன் 1 முதல் இன்னோர் உரிமையும் உண்டு: உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி கவனிக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம்.

நமக்கும் கடமை உண்டு. கொடுத்ததைப் போட்டுக்கொள்ள வேண்டும். “புழுக்கமா இருக்கு” என்று முகமூடியைக் கழற்றி வைப்பதும் தப்புத்தான்.

மருந்தடிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள். பம்பு முனை அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். கை கழுவாமல் வெற்றிலை போடாதீர்கள், சாப்பிடாதீர்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். காலி மருந்துக் கேனில் தண்ணீர் பிடிக்காதீர்கள். கர்ப்பிணிகள் உடனே டாக்டரிடம் சொல்லி வேறு வேலை கேளுங்கள்.

கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நனைந்த உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்தின் லேபிளையும் கொண்டுபோங்கள். “என்ன வேலை செய்தேன், என்ன மருந்து பட்டது” என்று டாக்டரிடம் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். நாளைக்குச் சொக்சோவில் கேட்க அந்தப் பதிவுதான் கைகொடுக்கும். மருத்துவ விடுப்புக் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபீசுக்குத் தெரிவியுங்கள். தவறினால் சொல்லாமல் நின்றதாகக் கணக்காகிவிடும்.

கடைசியாக ஒன்று. தனியாகக் கேட்கப் பயமா? நாலு பேராகப் போய்க் கேளுங்கள். கேட்ட தேதியைக் குறித்து வையுங்கள். தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். நாம் கேட்பது தயவு அல்ல. தோட்டத்துக்கு உழைப்பைக் கொடுக்கிறோம். உடம்பையே கொடுக்க வேண்டியதில்லை.