வேலை போனால் 60 நாள்: கையெழுத்திடும் முன் யோசியுங்கள்

தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்துவிட்டது. மேலாளர் அறைக்கு அழைக்கிறார். மேசை மீது ஒரு கடிதம் இருக்கிறது. இந்த மாதத்தோடு தாமாகவே வேலையிலிருந்து விலகிக்கொள்வதாக அதில் எழுதப்பட்டுள்ளது. கையெழுத்துப் போட்டால் ஒரு மாதச் சம்பளம் உடனே கிடைக்கும் என்கிறார்கள். வீட்டுத் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என மனம் குழம்பியிருக்கும் அந்த நேரத்தில் பலர் பேனாவை எடுத்துவிடுகின்றனர். மாதந்தோறும் சந்தா கட்டி வந்த ஒரு காப்புறுதியும் அந்தக் கையெழுத்தோடு கைநழுவிப் போகக்கூடும்.

அதுதான் பெர்கேசோ நிர்வகிக்கும் வேலைக் காப்புறுதித் திட்டம். சம்பளச் சீட்டில் 'எஸ்.ஐ.பி.' என்ற பெயரில் சில வெள்ளி பிடிக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது எதற்கு என்று கேட்டால் சொக்சோவோடு சேர்ந்த ஏதோ ஒன்று என்பதே பெரும்பாலும் பதிலாக வரும்.

*ஏன் வந்தது இந்தத் திட்டம்?*

இத்திட்டத்திற்கு முன், ஆட்குறைப்புக்கு ஆளான தொழிலாளியின் பிடிமானம் 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்லும் இழப்பீடுதான். குறைந்தது ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 10 நாள் சம்பளம், 2 ஆண்டைத் தாண்டினால் 15 நாள், 5 ஆண்டைத் தாண்டினால் 20 நாள் என்பது அதன் கணக்கு. அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. நிறுவனமே திவாலாகி இழுத்து மூடப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

இந்தக் குறையைத் தீர்க்க 2017இல் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. முதலாளியும் தொழிலாளியும் தலா 0.5 விழுக்காடு கட்டலாம் என்று முதலில் பேசப்பட்டது. முதலாளிகள் தரப்பு எதிர்க்கவே, அது தலா 0.2 விழுக்காடாகக் குறைந்தது. 2018 ஜனவரி 1 முதல் சந்தா பிடிக்கப்படுகிறது. முழு அனுகூலங்கள் 2019இல் நடப்புக்கு வந்தன. சந்தா கணக்கிடப்படும் சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபர் முதல் 6,000 வெள்ளி.

பழைய இழப்பீட்டை இத்திட்டம் ரத்து செய்யவில்லை. தகுதி உள்ளவர் முதலாளியிடம் இழப்பீடும், பெர்கேசோவிடம் உதவித்தொகையும் கேட்கலாம்.

*எவ்வளவு கிடைக்கும்?*

வேலை தேடும் காலத்து உதவித்தொகை முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு. இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 விழுக்காடு. எத்தனை மாதம் கிடைக்கும் என்பது சந்தா கட்டிய காலத்தைப் பொறுத்தது. உச்சம் 6 மாதம்.

மாதம் 2,000 வெள்ளி சம்பளம் வாங்கியவரை எடுத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து மாதச் சந்தாவாகப் போனது ஏறக்குறைய 4 வெள்ளி. வேலை போனால் முதல் மாதம் சுமார் 1,600 வெள்ளி, அடுத்து 1,000, பிறகு இரு மாதங்கள் 800, கடைசி இரு மாதங்கள் 600. ஆறு மாதமும் கிடைத்தால் மொத்தம் 5,400 வெள்ளி.

தொகை படிப்படியாகக் குறைவதற்குக் காரணம் உண்டு. வீட்டிலேயே இருந்துவிடாமல் விரைவில் வேலை தேட வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் சீக்கிரம் வேலை கிடைத்தவருக்குத் தனி ஊக்கத்தொகையும் உண்டு. மீதமிருக்கும் உதவித்தொகையில் 25 விழுக்காடு மொத்தமாகக் கையில் வரும். வேறு தொழில் கற்க விரும்புவோருக்கு 4,000 வெள்ளி வரை பயிற்சிக் கட்டணமும், பயிற்சிப் படியும் உண்டு.

*யாருக்கு, யாருக்கு இல்லை?*

முதன்முறை விண்ணப்பிப்பவர், வேலை போவதற்கு முந்தைய 24 மாதங்களில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடப்படுதல், நிறுவனமே அறிவிக்கும் விருப்ப விலகல் திட்டம் ஆகியவை ஏற்கப்படும். பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ விலக நேர்ந்தாலும் கேட்கலாம்.

தாமாக வேலையை விட்டவர், ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவர், ஓய்வு பெற்றவர், ஒப்பந்தக் காலம் முடிந்தவர் ஆகியோருக்கு இல்லை. மேலாளர் நீட்டிய கடிதம் ஆபத்தாவது இங்கேதான். அனுப்பியது நிறுவனம். ஆனால் தாளில் இருப்பது 'தாமாக விலகினார்'. பிறகு அதை மாற்றி நிரூபிப்பது எளிதல்ல. ஆட்குறைப்பு என்றால் அந்தக் காரணத்தை எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். படிக்கவும் ஆலோசனை கேட்கவும் ஒரு நாள் அவகாசம் கேட்பதில் தவறில்லை.

*நாள் தவறக்கூடாது*

வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் பெர்கேசோவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இணையம் வழியாகவோ அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்திலோ செய்யலாம். அடையாள அட்டை, வேலை நீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை கையில் இருக்கட்டும். அதன்பின் ஒவ்வொரு மாதமும் வேலை தேடியதற்கான சான்றைக் காட்டினால்தான் தொகை வரும். வேலை தேட 'மைஃபியூச்சர்ஜாப்ஸ்' தளம் இருக்கிறது.

நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதுபவர், மீண்டும் வேலையில் சேர்க்கக் கோரித் தொழில் உறவு இலாகாவில் முறையிடவும் அதே 60 நாள்தான். ஒன்று செய்தால் மற்றதும் செய்ததாகிவிடாது. இரண்டும் தனித்தனி மனுக்கள்.

*இன்னும் அடைபடாத ஓட்டை*

சொந்தத் தொழில் செய்வோரும் கைப்பேசிச் செயலி வழி உணவு விநியோகிப்போரும் இத்திட்டத்தில் இல்லை. அவர்களுக்கான பெர்கேசோ திட்டம் விபத்துக்கும் காயத்துக்கும்தான், வருமானம் நின்றுபோவதற்கு அல்ல. நிலையான வேலையை விட்டு அந்தப் பக்கம் போகும் இளையோர், இந்தப் பாதுகாப்பையும் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

மற்றவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைசிச் சம்பளச் சீட்டை எடுத்து, எஸ்.ஐ.பி. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலை இருக்கும்போதே கேளுங்கள்.