பலசரக்குக் கூப்பன்

பலசரக்குக் கூப்பன் என்பது அரிசி, பருப்பு, எண்ணெய் முதலிய வீட்டுப் பொருள்களைக் குறைந்த விலைக்கோ, விலையின்றியோ, முன்னதாகக் கட்டிய பணத்துக்கு ஈடாகவோ பெற உதவும் சீட்டு ஆகும். கடைக்காரர் அச்சடித்துக் கொடுக்கும் தள்ளுபடித் துண்டு, தேயிலைப் பாக்கெட்டுக்குள் வரும் பரிசு அட்டை, கைப்பேசியில் வரும் குறியீடு, நியாயவிலைக் கடையின் டோக்கன், மாதாமாதம் பணம் கட்டும் தீபாவளிச் சீட்டு அட்டை ஆகிய எல்லாம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. வணிக நிறுவனங்களின் கூப்பன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பரவியது. கோக்க கோலா நிறுவனம் ஒரு கோப்பை பானத்தை இலவசமாகக் குடித்துப் பார்க்கச் சீட்டு வழங்கியது அதன் தொடக்கங்களுள் ஒன்று.

கூப்பன் வைத்திருப்பதால் மட்டும் பணம் மிச்சமாகிவிடுவதில்லை. சீட்டில் எழுதியிருப்பது பொருளின் அளவா, ரூபாயா என்பதையும், அந்த ரூபாய் எந்த விலையிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதையும் பார்த்தால்தான் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். விருதுநகர் மாவட்டத்தில் மல்லாங்கிணறு போன்ற பேரூராட்சிகளில் இந்தச் சீட்டுகளில் பலவும் ஒரே குடும்பத்தின் கைக்கு வருகின்றன. குடும்ப அட்டை வீட்டில் இருக்கிறது. தீபாவளிச் சீட்டு தெருவுக்குத் தெரு நடக்கிறது. மொத்தச் சந்தைக்குப் பேர் போன விருதுநகரும், பட்டாசுக்குப் பேர் போன சிவகாசியும் அருகிலேயே உள்ளன.

அளவுச் சீட்டும் ரூபாய்ச் சீட்டும்

தமிழ்நாட்டு நியாயவிலைக் கடையில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. 2007ஆம் ஆண்டு தொடங்கிய திட்டம் இது. வெளிச்சந்தையில் பருப்பு கிலோ 100 ரூபாய் விற்றாலும் 180 ரூபாய் விற்றாலும் அட்டைதாரர் கொடுப்பது 30 ரூபாய்தான். விலை ஏறினால் அந்தச் சுமை அரசைச் சேரும். இது அளவுச் சீட்டு.

இதற்குப் பதிலாக மாதம் 100 ரூபாய் பெறுமான கூப்பன் கொடுத்தால் நிலைமை வேறு. பருப்பு கிலோ 100 ரூபாயாக இருக்கும் வரை அந்தக் கூப்பனுக்கு ஒரு கிலோ கிடைக்கும். விலை 160 ஆனால் 625 கிராம்தான் கிடைக்கும். கூப்பனில் அச்சிட்ட எண் மாறாது. குழம்பில் விழும் பருப்பு குறைந்துவிடும். இங்கே விலையேற்றத்தின் சுமை முழுவதும் வாங்குபவர் தலையில் விழுகிறது.

இலங்கையில் ஒரு நாடே இந்த வேறுபாட்டை அனுபவித்துப் பார்த்தது. அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய பங்கீட்டு அரிசி மக்களின் உரிமையாகவே ஆகிவிட்டிருந்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலக நேர்ந்தது. அத்தகைய அரிசிப் பங்கீட்டை நீக்கி, 1979 செப்டம்பரில் உணவு முத்திரைத் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு, வயதைப் பொறுத்து ஓர் ஆளுக்கு 15 முதல் 25 ரூபாய் வரை பெறுமானமுள்ள முத்திரைகள் தரப்பட்டன. மண்ணெண்ணெய்க்கும் தனி முத்திரை இருந்தது. முத்திரையின் பெறுமானம் விலைவாசியோடு சேர்ந்து உயரும்படி அமைக்கப்படவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் விலைகள் வேகமாக ஏறியபோது, அதே முத்திரைக்குக் கிடைத்த உணவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பட்டியலில் பெயர் இருந்தும் தட்டில் சோறு குறைந்த கதை இது. பங்கீட்டை ஒழித்ததாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விலைவாசியே அந்த வேலையைச் செய்து முடித்தது.

புதுச்சேரியிலும் 2015இல் நியாயவிலைக் கடை அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது. கடைகள் மூடப்பட்டன. பல ஆண்டுகள் தொடர்ந்து எழுந்த கோரிக்கைக்குப் பின் 2024இல் அவை மீண்டும் திறக்கப்பட்டன.

நியாயவிலைக் கடை டோக்கன்

சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு 1943இல், வங்கப் பஞ்சத்தின் காலத்தில் தொடங்கியது. 1952இல் முதலமைச்சராக இருந்த இராஜாஜி அதனை நீக்கினார். பின்னாளில் உருவான இன்றைய பொது விநியோகத் திட்டத்தில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. 2017இல் தாள் அட்டைக்குப் பதில் மின்னணு அட்டை வந்தது. அதற்கு முன் பழைய அட்டையிலேயே ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டிக் காலத்தை நீட்டித்து வந்தனர் என்பது இன்றைய மாணவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.

பொங்கல் பரிசுத் தொகுப்புக்கும், 2021 ஜூனில் கொரோனா நிவாரணமாகத் தரப்பட்ட 14 வகை மளிகைப் பொருள்களுக்கும் டோக்கன் வழங்கப்பட்டது. டோக்கன் என்பது வேறு, கூப்பன் என்பது வேறு. டோக்கனுக்குப் பண மதிப்பு கிடையாது. எந்த நாளில், எந்த நேரத்தில் வரவேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆனாலும் நாட்கூலிக்குப் போகும் ஒருவர் வரிசையில் அரை நாளை இழந்தால் அரை நாள் கூலி போய்விடும். அந்தக் கணக்கில் பார்த்தால் டோக்கன் மிச்சப்படுத்துவதும் பணத்தையே.

தீபாவளிச் சீட்டு

தென்மாவட்டங்களில் உழைக்கும் குடும்பங்கள் மிகுதியாகச் சேர்ந்திருக்கும் பலசரக்குச் சீட்டு தீபாவளிச் சீட்டுதான். ஒரு தீபாவளி முடிந்ததும் தொடங்கி அடுத்த தீபாவளிக்கு முன்வரை வாரமோ மாதமோ ஒரு தொகையைக் கட்ட வேண்டும். கட்டியதை ஓர் அட்டையில் குறித்துத் தருவார்கள். முடிவில் பருப்பு, எண்ணெய், மாவு, வெல்லம், பாத்திரம், இனிப்பு, பட்டாசுப் பெட்டி என ஒரு பட்டியல் பொருள்கள் வீட்டுக்கு வரும். ஏலச்சீட்டைப் போல இதில் தள்ளி எடுப்பது கிடையாது. அனைவருக்கும் கடைசியில்தான் கிடைக்கும்.

நடத்துபவருக்கு இலாபம் இரண்டு வழிகளில் வருகிறது. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள இடைவெளி ஒன்று. பலருடைய பணம் பல மாதங்கள் கையில் இருப்பது மற்றொன்று. இரண்டிலும் தவறில்லை. சேர்பவருக்குக் கிடைப்பது என்ன என்பதைத்தான் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

மாதம் 300 ரூபாய் வீதம் 12 மாதங்கள் கட்டும் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டியது 3,600 ரூபாய். பட்டியலில் உள்ள பலசரக்கை உள்ளூர்க் கடையில் வாங்கினால் 2,200 ரூபாய், பாத்திரம் 400 ரூபாய், பட்டாசுப் பெட்டியில் அச்சிட்டுள்ள விலை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4,100 ரூபாய் ஆகிறது. 500 ரூபாய் இலாபம் போலத் தோன்றும். ஆனால் பட்டாசுப் பெட்டியின் மேல் அச்சிட்ட விலைக்கு யாரும் பட்டாசு வாங்குவதில்லை. சிவகாசிக் கடைகளில் அச்சு விலையில் 80 சதவீதம் தள்ளுபடி என்ற பலகை சர்வ சாதாரணம். அந்தப் பெட்டி கடையில் 400 ரூபாய்க்குக் கிடைக்குமானால், வந்த பொருள்களின் உண்மை மதிப்பு 3,000 ரூபாய்தான். 600 ரூபாய் நட்டம். இதே பணத்தை வங்கியில் மாதச் சேமிப்பாகக் கட்டி 6.5 சதவீத வட்டி பெற்றிருந்தால் ஏறத்தாழ 127 ரூபாய் கூடுதலாக வந்திருக்கும்.

இந்தக் கணக்கைக் காட்டி, சீட்டில் சேர்பவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடுவது சரியல்ல. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் வாரக் கூலி பெறும் குடும்பத்துக்கு மொத்தமாக 3,000 ரூபாய் ஒரே நாளில் கையில் நிற்பது அரிது. தீபாவளிச் சீட்டு வாசலுக்கே வந்து சிறுகச் சிறுக வாங்கிக்கொள்ளும் சேமிப்பு. இடையில் எடுத்துச் செலவழிக்கவும் முடியாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குத் தரும் கூலிதான் அந்தச் சில நூறு ரூபாய் என்று கருதினால், அது நியாயமானதா, கூடுதலா என்று அவரவரே முடிவு செய்யலாம்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். மழைக்காலத்தில் காயவைக்க வெயில் இருக்காது. நீதிமன்றக் கட்டுப்பாடுகளால் உற்பத்தி தடைபட்ட ஆண்டுகளும் உண்டு. பேரியம் நைட்ரேட் பயன்பாட்டுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடை அவற்றுள் முக்கியமானது. அந்த மாதங்களில் தவணை தவறினால் என்ன ஆகும்? கட்டிய பணம் அப்படியே திரும்புமா, பாதிப் பொருள் கிடைக்குமா, எல்லாமே போய்விடுமா என்பது அட்டையில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. சேரும் நாளிலேயே இதைக் கேட்டு, அட்டையின் பின்புறத்தில் எழுதி வாங்குவது நல்லது. பொருள்களின் பெயரோடு எடையும் இருக்க வேண்டும். “எண்ணெய் 1 பாக்கெட்” என்று மட்டும் இருந்தால் அது அளவுச் சீட்டே ஆகாது.

ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். பார்வைக்கு லிட்டர் பாக்கெட் போலவே இருக்கும் 850 கிராம் பாக்கெட்டுகளும் சந்தையில் உள்ளன.

கடைக் கூப்பனின் கணக்கு

“500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 75 ரூபாய் தள்ளுபடி” என்ற கூப்பனை எடுத்துக்கொண்டால், ஏற்கெனவே 500 ரூபாய்க்குப் பட்டியல் வைத்திருப்பவருக்கு அது 15 சதவீத மிச்சம். 350 ரூபாய்ப் பட்டியலோடு போனவர், கூப்பனுக்காக 150 ரூபாய்க்கு வேண்டாத பொருளைச் சேர்த்தால் 425 ரூபாய் கொடுத்துத் திரும்புவார். அவர் மிச்சப்படுத்தியது ஒன்றுமில்லை. 75 ரூபாய் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார்.

அடுத்து, எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்ற கேள்வி. அதிகபட்ச சில்லறை விலை என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற வரம்பே தவிர, நடப்பு விலை அல்ல. பொட்டலப் பொருள்கள் விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பதையும் உறையில் அச்சிட வேண்டும் என்கிறது. இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட அந்தச் சிறிய எண் போதும். பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற எண்ணம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. ஷாம்பு போன்ற சிலவற்றில் சிறிய சாஷேயே மில்லிக்கு மலிவாக இருப்பதுண்டு.

விருதுநகர்ப் பகுதியினருக்கு இன்னொரு வசதியும் உண்டு. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் நாளிதழ்களில் வெளியாகிறது. எண்ணெய் வகைகள் 15 கிலோ டின் கணக்கிலும், பருப்பு வகைகள் 100 கிலோ மூட்டைக் கணக்கிலும் இருக்கும். டின் 3,000 ரூபாய் என்றால் கிலோ 200 ரூபாய். லிட்டருக்கு மாற்றினால் ஏறத்தாழ 182 ரூபாய். சில்லறைக் கடையில் போக்குவரத்து, சேதாரம், கடைக்காரரின் கூலி எல்லாம் சேர்ந்து இதைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. கூப்பன் கழித்த பிறகும் 260 ரூபாய் கேட்டால், அந்தக் கூப்பன் எதைக் கழித்தது என்று கேட்கலாம்.

கூப்பன்கள் யாருக்குப் பயன்படுகின்றன என்பதிலும் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. மாதத் தொடக்கத்தில் கையில் ரொக்கம் உள்ளவரே கடை பார்த்துக் கடை மாற முடியும். பற்று வைத்து வாங்கும் குடும்பம் அந்த ஒரே கடையோடு கட்டுண்டது. எதிர்க் கடையில் பருப்புக்குப் பத்து ரூபாய் தள்ளுபடி என்றாலும், பழைய பாக்கியைத் தீர்க்காமல் அங்கே போக முடியாது. அதே நேரம், வேலையில்லாத வாரத்தில் அரிசி கொடுப்பது பற்றுக் கடைக்காரர்தான், கூப்பன் அச்சடிக்கும் பெரிய கடை அல்ல.

சட்டப் பாதுகாப்பு

பொருள் வாங்குபவர்களுள் குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் பரிசு தரும் திட்டங்கள் தமிழ்நாட்டில் 1979ஆம் ஆண்டின் பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. நாடு முழுவதும் நடக்கும் பரிசுப் போட்டிகளின் விளம்பரத்தில் “தமிழ்நாடு நீங்கலாக” என்று பொடி எழுத்தில் இருப்பதற்குக் காரணம் இதுவே. விலையில் மறைத்து வாங்கிக்கொண்டு “இலவசம்” என்று காட்டுவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. இதுபற்றி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சீட்டுப் பணத்தோடு நடத்தியவர் தலைமறைவானால், 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை கோரிப் பொருளாதாரக் குற்றப் பிரிவை அணுகலாம். அப்போது கையில் இருக்க வேண்டிய சான்று, தவணை குறித்துக் கையொப்பமிட்ட அந்த அட்டையே. பொருள் கைக்கு வந்து, எடை சரிபார்க்கும் வரை அதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.