ஆய்வு நெறிக்குழுவில் பொதுமக்களின் குரல்

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தை அறியாத மலேசியத் தமிழர் குறைவு. துணிக்கடைகள், நகைக்கடைகள், பூக்கடைகள், நாசி கண்டார் உணவகங்கள் என எந்நேரமும் மக்கள் நடமாட்டம் நிறைந்த இடம் அது. அவ்வட்டாரத்திற்குப் பெயர் தந்த பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பேருரை தமிழில் ஒலிக்கும்.

இங்குப் பல்லாண்டுகளாகத் துணிக்கடை நடத்தும் ஓர் அம்மையாரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நாள் அவருக்கு ஓர் அழைப்பு வருகிறது. மருத்துவ ஆய்வுகளை மேற்பார்வையிடும் குழுவொன்றில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று கேட்கிறார்கள். “எனக்குப் புடவையின் தரம் தெரியும், மருந்தைப் பற்றி என்ன தெரியும்? மருத்துவர்கள் நடுவில் எனக்கு என்ன வேலை?” என்று அவர் வியக்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கான விடையைத் தேட, நூறாண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அந்த வரலாற்றின் ஒரு பகுதி இதே கோலாலம்பூரில்தான் நிகழ்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் வீங்கி, நரம்புகள் தளர்ந்து, இதயம் பலவீனமுற்றுப் பலர் இறந்தனர். அது தொற்றுநோய் என்று பலர் எண்ணினர். மருத்துவர் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். நன்கு தீட்டப்பட்ட வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களை அந்நோய் பெரிதும் தாக்கியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடையே அது அரிதாகவே காணப்பட்டது. அப்படியானால் நோய்க்குக் காரணம் அரிசியா?

இதைச் சோதித்தறிய மருத்துவர் வில்லியம் பிளெட்சர் முனைந்தார். 1905ஆம் ஆண்டு டிசம்பரில், கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றவர்கள் ஒரு கூடத்திலும் இரட்டைப்படை எண் பெற்றவர்கள் எதிரே இருந்த கூடத்திலும் தங்கவைக்கப்பட்டனர். முதல் பிரிவினருக்கு வழக்கம்போல் தீட்டிய அரிசிச் சோறு. இரண்டாம் பிரிவினருக்குப் புழுங்கல் அரிசிச் சோறு. மற்ற உணவெல்லாம் இருவர்க்கும் ஒன்றே. ஓராண்டுக்கால முடிவில், தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை.

இம்முடிவு 1907இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அச்சத்து வைட்டமின் பி1 என்பது பின்னாளில் தெளிவாயிற்று. இத்தகைய ஆய்வுகளால் எண்ணற்ற உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை.

எனினும், இன்று அந்த ஆய்வைப் படிப்போர் மனத்தில் ஒரு நெருடல் எழுகிறது. வரிசையில் நின்ற நோயாளிகளுக்குத் தங்களை ஏன் எண்ணுகிறார்கள் என்பது தெரிந்திருக்குமா? வேண்டாம் என்று மறுக்க அவர்களுக்கு வழி இருந்ததா? முதல் கூடத்தில் இறப்புகள் கூடியபோது, “இத்துடன் நிறுத்தலாமா?” என்று ஆய்வாளரைக் கேட்கும் பொறுப்பு யாருக்கு இருந்தது? பிளெட்சர் புதிதாக நஞ்சு எதையும் ஊட்டவில்லை. அவர்கள் ஏற்கெனவே உண்டு வந்த அரிசியைத்தான் தொடர்ந்து தந்தார். அவரைக் கொடியவர் என்று பழிப்பது முறையாகாது. ஆனால், நோயாளிகளின் சார்பில் பேசுவதற்கென்று ஆய்வாளருக்கு வெளியே ஒரு குழு அக்காலத்தில் இல்லை. குறை அங்கேதான் இருந்தது.

அத்தகைய குழு இல்லாததன் விளைவை உலகம் பிறகு இன்னும் கசப்பாக உணர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜி மருத்துவர்கள் கைதிகள்மீது கொடிய சோதனைகளை நடத்தினர். அவ்வழக்கின் தீர்ப்பில் பிறந்த 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறி, ஆய்வில் பங்கேற்பவரின் மனமுவந்த சம்மதம் கட்டாயம் என்றது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை ஏற்றது. ஆயினும், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1932இல் தொடங்கிய ஓர் ஆய்வு 1972 வரை நீடித்தது. அதில் சுமார் 600 கறுப்பின ஆடவர்கள் உட்படுத்தப்பட்டனர். அவர்களுள் சிபிலிஸ் நோய் கண்டவர்களுக்கு, பென்சிலின் மருந்து பரவலாகக் கிடைத்த பின்னரும் அது தரப்படவில்லை. நோய் எவ்வாறு முற்றுகிறது என்பதை அறியவே அவர்கள் காக்கவைக்கப்பட்டனர். நாளேடுகள் இதை வெளிப்படுத்தியபோது உலகமே அதிர்ந்தது. நெறிகளை ஏட்டில் எழுதினால் மட்டும் போதாது, அவற்றைக் காக்கும் ஆட்களும் வேண்டும் என்பது அப்போது உறுதியாயிற்று.

அந்த ஆட்களைக் கொண்டதே ஆய்வு நெறிக்குழு. மனிதர்களை உட்படுத்தும் ஆய்வு எதுவாயினும், அது தொடங்குவதற்கு முன்பே அதன் திட்டத்தை இக்குழு படித்துப் பார்க்கும். பங்கேற்போருக்கு நேரக்கூடிய ஆபத்து என்ன, கிடைக்கும் நன்மை என்ன, அவ்வாபத்து ஏற்கத்தக்கதா என்று ஆராயும். பின்னர் அனுமதி வழங்கலாம், திருத்தம் கோரலாம், மறுக்கவும் செய்யலாம். நடைபெறும் ஆய்வை ஆண்டுக்கு ஒரு முறையேனும் மீண்டும் பரிசீலிப்பதும், ஆபத்து தெரிந்தால் நிறுத்துவதும் அதன் கடமைகளே. மலேசியச் சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிக்குழு 2002இல் அமைக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய குழுக்கள் இயங்குகின்றன.

மருந்து ஆய்வுகளுக்கான அனைத்துலக விதி இக்குழுவில் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது. அவர்களுள் ஒருவரேனும் அறிவியல் துறை சாராதவராகவும், ஒருவரேனும் அந்நிறுவனத்தோடு தொடர்பற்றவராகவும் இருத்தல் வேண்டும். மலேசியாவின் வழிகாட்டியும் இதையே பின்பற்றுகிறது. நம் துணிக்கடை அம்மையாருக்கு அழைப்பு வந்ததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

அவர் செய்யக்கூடிய பணியை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். நீரிழிவுக்கான புதிய மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் திட்டம் குழுவின்முன் வருகிறது என்று கொள்வோம். மருத்துவர்கள் மருந்தின் அளவையும் பக்க விளைவுகளையும் அலசுகிறார்கள். புள்ளியியல் அறிஞர் எத்தனை பேர் தேவை என்று கணக்கிடுகிறார். அம்மையார் தமது கடைக்கு வரும் மனிதர்களை நினைத்துக்கொண்டு சம்மதப் படிவத்தைப் படிக்கிறார்.

“நோன்பு மாதத்தில் பகல் வேளையில் மாத்திரை விழுங்கச் சொன்னால் நோன்பாளிகள் என்ன செய்வார்கள்? மாத்திரையின் மேலுறை எதனால் ஆனது என்று ஏன் எழுதவில்லை? நாள் கூலிக்கு வேலை செய்பவர் மாதம் இருமுறை மருத்துவமனைக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடுமே, பயணச் செலவாவது தருவீர்களா?” என்று அவர் கேட்கிறார். இதற்கு நேர்மாறான கேள்வியையும் அவர் மறப்பதில்லை. “இவ்வளவு பெரிய தொகையைக் காட்டினால், ஏழைகள் ஆபத்தை எண்ணிப் பார்க்காமல் பணத்திற்காகவே கையொப்பமிட மாட்டார்களா?”

அடுத்து, தமிழ்ப் படிவத்தின் மொழிக்கு வருகிறார். அதில் ‘போலி மருந்து’ என்று ஒரு சொல் காணப்படுகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரப்படும், மருந்துச் சத்தில்லாத மாத்திரையையே ஆய்வாளர் அவ்வாறு குறிப்பிட்டிருக்கிறார். ஆனால், சந்தையில் விற்கும் கள்ள மருந்து என்றல்லவா வாசிப்பவர் அஞ்சுவார்! ‘மருந்துச் சத்தில்லாத வெற்று மாத்திரை’ என்று எழுதினால் ஐயம் தீரும். ‘குலுக்கல் முறையில் தேர்வு’ என்ற தொடரைப் பார்த்துச் சிலர் பரிசுக் குலுக்கல் என்று மகிழவும்கூடும். எந்த மாத்திரை யாருக்குக் கிடைக்கும் என்பதை மருத்துவரும் நோயாளியும் தேர்ந்தெடுப்பதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னால் தெளிவு பிறக்கும். புரியாத படிவத்தில் இடும் கையொப்பம் சம்மதமாகாது. எளிய தமிழ் நன்கறிந்த ஒருவரால்தான் இத்தகைய பிழைகளைச் சுட்டிக்காட்ட முடியும்.

இப்பணி எளிதன்று. ஒவ்வொரு கூட்டத்திற்கும் முன்பாகத் தடித்த ஆவணங்களைப் படிக்க வேண்டும். அவற்றிலுள்ள செய்திகளை வெளியில் சொல்லக் கூடாது. ஆய்வாளர் தம் உறவினராக இருந்தால், அவ்வாய்வு குறித்து வாக்களிக்காமல் விலகிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இதற்குச் சம்பளம் கிடையாது. எல்லாவற்றையும்விடக் கடினமானது, படித்த அறிஞர்கள் தலையசைக்கும் வேளையில், “எனக்கு இது புரியவில்லை, மீண்டும் விளக்குங்கள்” என்று கூச்சமின்றிச் சொல்வது. அவ்வாறு சொல்லத் தயங்கும் உறுப்பினரால் குழுவுக்குப் பயன் இல்லை. அவருக்குப் புரியாதது நாளை கையொப்பமிடப்போகும் நூற்றுக்கணக்கானோருக்கும் புரியாமற்போகலாம்.

அன்று மருத்துவமனையின் வரிசையில் நின்றவர்கள் நமக்கு விட்டுச்சென்ற அறிவால் நாம் இன்று நலமாக வாழ்கிறோம். அவர்கள் பெயர்களை நாம் அறியோம். அவர்களின் விருப்பத்தையும் அறியோம். ஆய்வுக்கு உட்படுபவர் வெறும் எண் அல்லர் என்பதை நினைவூட்டவே நெறிக்குழுவில் பொதுமக்களுக்கு ஓர் இருக்கை ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த இருக்கையில் அமர மருத்துவப் பட்டம் தேவையில்லை. கவனமாகப் படிக்கும் பொறுமையும், பிறர் நிலையில் நின்று எண்ணும் மனமும், கேட்க வேண்டியதைக் கேட்கும் துணிவும் இருந்தால் போதும். அப்பண்புகளை வகுப்பறையிலேயே வளர்த்துக்கொள்ளலாம். நாளை நமக்கும் அவ்வழைப்பு வரக்கூடும்.