உப்புத்தாளைச் சிரைத்த சோப்பு நுரை!

அமெரிக்காவில் 1959-ம் ஆண்டு டெலிவிஷனில் ஒரு விளம்பரம் வந்தது. தச்சர்கள் மரத்தைத் தேய்ப்பார்களே, உப்புத்தாள், அதைப் போன்ற ஒன்றின் மீது சவர நுரையைப் பூசினார்கள். உடனே சவரக்கத்தியால் ஓர் இழுப்பு! மணல் அத்தனையும் வழித்துக்கொண்டு வந்து விட்டது.

உப்புத்தாளே இப்படி என்றால் உங்கள் தாடி எம்மாத்திரம் என்று பார்த்தவர்கள் நினைக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வித்தை. நுரையின் பெயர் 'ரேபிட் ஷேவ்'. தயாரித்தது கோல்கேட்-பாமாலிவ் கம்பெனி.

வர்த்தகத்தைக் கண்காணிக்கும் அரசாங்க கமிஷன் இதை விசாரித்தது. குட்டு வெளிப்பட்டது! விளம்பரத்தில் இருந்தது உப்புத்தாளே அல்ல. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டில் மணலைத் தூவி வைத்திருந்தார்கள். உண்மையான உப்புத்தாளை வழிக்க வேண்டுமானால், சுமார் 80 நிமிடம் ஊற வைக்க வேண்டுமாம்! (அத்தனை நேரம் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தால் ஆபீசுக்கு எப்போது போவது?)

வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1965-ம் ஆண்டு கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு ஆயிற்று.

முடியை இளக்குவது எது?

அந்த விளம்பரம் மறைத்தது நேரத்தை. காய்ந்த தாடி முடி விறைப்பானது. தண்ணீரை உறிஞ்சினால் அது சற்றே பருத்து இளகும். பிறகு அதை வெட்டக் கத்திக்குக் கொஞ்சம் பலம் போதும். இதற்கு 80 நிமிடம் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைந்தால் போதும்.

ஆகவே முடியை இளக்குவது தண்ணீர்தான். நுரைக்கு இரண்டு வேலை. அந்தத் தண்ணீர் காயாமல் பிடித்து வைப்பது ஒன்று. கத்தியை வழுக்கிக்கொண்டு போகச் செய்வது மற்றொன்று. நுரையைப் பற்றிச் சொல்லப்படும் சொற்களை எல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

பொங்கும் நுரை, கெட்டி நுரை

தேங்காய் எண்ணெய் சோப்பு மளமளவென்று பொங்கும். குமிழிகள் பெரியவை. சீக்கிரம் உடைந்து விடும். குளிக்க அது சுகம், சவரத்துக்கு உதவாது.

சவர சோப்பில் 'ஸ்டியரிக் அமிலம்' என்ற கொழுப்புப் பொருள் அதிகம் சேர்க்கிறார்கள். இந்த நுரை மெதுவாகத்தான் எழும். ஆனால் குமிழிகள் மிகச் சிறியவை. நுரை கெட்டித் தயிர் போல இருக்கும். நெடுநேரம் நிற்கும். இதைத்தான் 'அடர்த்தி' என்கிறார்கள்.

டப்பாவை அமுக்கினால் புஸ்ஸென்று வருகிறதே, அந்த நுரையை ஊதிப் பெரிதாக்குவது டப்பாவில் அடைத்த வாயு. கை நிறையத் தெரிகிறதே என்று மயங்க வேண்டாம்!

வழுக்கல்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். ஆனால் கண்ணால் பார்த்தால் தெரியாது. நுரையைக் கொஞ்சம் எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேயுங்கள். வழுவழுவென்று நழுவினால் நல்ல நுரை. பிசுபிசுவென்று ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டு, மறுபடியும் சுழற்றுங்கள். சொட்டுச் சொட்டாக ஒழுகினால் தண்ணீர் மிஞ்சி விட்டது. தோசை மாவுக்குப் பதம் பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

'மிச்ச வழுக்கல்' என்றும் ஒன்று உண்டு. கத்தி ஒரு முறை போன பிறகும் அந்த இடம் வழுக்குகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். வழுக்கல் இல்லாத இடத்தில் கத்தியை மறுபடியும் இழுத்தால் தோல் சிவக்கும், எரியும். புதிதாகச் சவரம் செய்யத் தொடங்கும் பிள்ளைகள், ஒரு முடி விடுபட்டாலும் அதே இடத்தை நாலைந்து தடவை வெறுமனே சுரண்டுவார்கள். மறுபடி நுரை பூசிய பிறகே கத்தியைத் தொட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது நல்லது.

மெத்தையும் குளிர்ச்சியும்

தோலுக்கும் கத்திக்கும் நடுவே மெத்தை போட்டது போன்ற நுரை என்று சிலர் புகழ்வார்கள். இதை அதிகம் நம்ப வேண்டாம். கத்தி நுரையைத் தள்ளிக்கொண்டுதான் போகிறது. மெத்தை இருக்கிறதே என்று அழுத்தினால் ரத்தம் வரும்!

'குளுகுளு' நுரை என்பது வேறு கதை. அதில் மென்தால் இருக்கிறது. குளிர்ச்சியை உணரும் நரம்பை அது தூண்டி விடுகிறது. முகம் உண்மையில் குளிர்வதில்லை.

தண்ணீர் கெடுக்கும் நுரை

எவ்வளவு நல்ல சோப்பு வாங்கினாலும் நுரையே வரவில்லை என்று சிலர் குறைப்படுவார்கள். பல ஊர்களில் ஆழ்குழாய்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திப்பியாகி விடும். அந்தத் திப்பி நுரைக்காது, வழுக்காது. தண்ணீரைக் காய்ச்சினாலும் இந்தக் குறை முழுவதும் தீராது.

சவரத்துக்கு வேண்டியது ஒரு தம்ளர் தண்ணீர்தான். மழைத் தண்ணீரோ, எந்திரத்தில் சுத்திகரித்த குடிதண்ணீரோ அந்த அளவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷை அதில் நனைத்தால், கொஞ்சம் சோப்பிலேயே நுரை எழும்பி விடும்.