கொல்லைப்புறத்து மரத்தளமும் நூறு மீட்டர் எல்லையும்

சாரல் விழும் மாதங்களில் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்கு மலையைப் பார்த்திருக்க ஒரு மரத்தளம் வேண்டும் என்னும் ஆசை, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் பக்கத்து வீடுகளில் சில வருஷங்களாகப் பரவி வருகிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணமும், செங்கோட்டை மரக்கடைகளின் சமீபமும் அதற்கு அனுகூலமாக இருக்கின்றன. ஆசையில் தோஷமில்லை. ஆனால் நம்மவர்கள் இந்தக் காரியத்தைத் தொடங்கும் முறையைப் பார்த்துப் பார்த்து மனம் சலிக்கிறது. ஆசாரியை அழைத்து, அளவு சொல்லி, முன்பணம் கொடுத்து, குழி வெட்டி, தூண் நட்டு, பலகையும் அடித்து முடித்த பிறகு, வாசற்கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டதும், வீட்டு வரி ரசீதையும் மின்கட்டண அட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு, ‘என் பட்டா நிலத்தில் நான் பலகை அடிக்க யாரைக் கேட்க வேண்டும்?’ என்று ஆபீஸ் ஆபீஸாக அலைகிறார்கள். கேட்க வேண்டியவர்கள் உண்டு. அவர்களை முதல் குழி வெட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். வீட்டு வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது.

நம் தென்காசி மாவட்டத்தில், சேர்ந்தமரம் பக்கத்துத் திருமலாபுரத்தில், பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்று பழைய ஓவியச் சுவடுகளோடு இருக்கிறது. அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். இப்படி மத்திய சர்க்கார் பிரகடனம் செய்த எந்தச் சின்னமானாலும், அதன் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து நாற்புறமும் நூறு மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி; அதற்கு அப்பால் இன்னும் இருநூறு மீட்டர் வரை கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 1992 ஜூன் 16 அறிவிக்கையில் வந்த இந்த இரு வளையங்களும், இடையில் விதிவிலக்கு அனுமதிகள் மலிந்து, 2009இல் டில்லி உயர் நீதிமன்றம் அந்த அனுமதிகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்த பிறகு, 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் தொல்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டன. சரித்திரம் இவ்வளவு போதும்.

‘மரம்தானே, சிமெண்டு இல்லையே, கழற்றி எடுத்துவிடலாமே’ என்பது ஆசாரிகள் வழக்கமாகக் கொடுக்கும் தைரியம். சட்டத்தில் ‘கட்டுமானம்’ என்பதற்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருளோ, எந்த ஓர் அமைப்பையும் எழுப்புவதையும், இருக்கிற கட்டடத்தை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ நீட்டுவதையும் சேர்த்துக்கொள்கிறது. மரமா, இரும்பா, செங்கல்லா என்று அது கேட்கவில்லை. வீட்டுப் பின்சுவரில் உத்திரம் பதித்து, நான்கு தூணின் மேல் நிற்கும் ஒரு தளம் இந்த வாசகத்துக்கு வெளியே நிற்கும் என்று எந்தக் குடும்பஸ்தரும் தம் பணத்தைப் பணயம் வைப்பது விவேகமல்ல. மீறியதற்குத் தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்கு உடந்தையாக இருக்கும் மத்திய சர்க்கார் அதிகாரிக்கு மூன்று வருஷம் வரை சிறை உண்டு என்பதையும், கைம்மாறு எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும் உத்தியோகஸ்தர்கள் ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது.

தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் அநேகர் தவறுகிறார்கள். கோபுரத்திலிருந்து அல்ல, குகை வாயிலிலிருந்தும் அல்ல, பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட நிலத்தின் எல்லைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அந்தக் கோடு கட்டடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, ஒரு சர்வே எண்ணின் வரப்போடு போகக்கூடும். தொல்லியல் துறையார், சின்னத்தின் அருகில் நீல நிறப் பலகை ஒன்றை நட்டு, தண்டனைப் பிரிவுகளை எழுதிவைப்பதில் காட்டும் சிரத்தையில் கால்பங்கை, நூறு மீட்டர் எங்கே முடிகிறது என்று ஒரு கல் நட்டுக் காட்டுவதிலும், அந்த வளையத்துக்குள் வரும் சர்வே எண்களைத் தமிழில் அச்சடித்துப் பேரூராட்சிச் சுவரில் ஒட்டுவதிலும் காட்டியிருந்தால், இந்த வழக்குகளில் பெரும்பாலானவை பிறந்தே இருக்க மாட்டா. அவர்கள் செய்யும்வரை நாம் காத்திருக்க முடியாது. இந்தியத் தொல்லியல் துறையின் திருச்சி வட்ட அலுவலகத்துப் பொதுத் தகவல் அதிகாரிக்கு, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதுங்கள். ‘இன்ன கிராமத்தில் பாதுகாக்கப்பட்ட எல்லை எந்தெந்த சர்வே எண்களில் அடங்குகிறது, இன்ன சர்வே எண், உட்பிரிவு உள்ள என் மனை தடை செய்யப்பட்ட பகுதியிலா, கட்டுப்படுத்தப்பட்ட பகுதியிலா, இரண்டுக்கும் வெளியிலா, எல்லை வரைபடத்தின் நகல் தருக’ என்று இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு உண்டு. அது வருவதற்குள் உங்கள் தாலுகா அலுவலகத்தில் நிலத்தை அளந்து அத்துக் காட்டும்படி பணம் கட்டி, புலப்பட நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக ‘உங்களுக்கு ஒன்றும் வராது, போங்கள்’ என்று சொல்லும் எந்த உத்தியோகஸ்தரையும் நம்பாதீர்கள். அறிவிப்பு வரும் நாளில் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

மனை நூறு மீட்டருக்குள் இருந்தால், புதிய தளத்துக்கு அனுமதி கிடையாது. யாரைப் பிடித்தாலும் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு ‘முடித்துத் தருகிறேன்’ என்பவன் உங்களை ஏமாற்றுகிறான். 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடத்தையும், பிற்பாடு முறையான அனுமதியோடு கட்டப்பட்டதையும் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மட்டுமே விண்ணப்பிக்கலாம். ஏற்கெனவே இருந்த பின்தாழ்வாரத்தின் உளுத்த பலகையையும் ஒழுகும் ஓட்டையும் மாற்றுவதற்குக்கூட அந்த அனுமதி வேண்டும். இங்கேதான் பழைய காகிதங்களுக்கு மதிப்பு ஏற்படுகிறது. கட்டடம் குறிப்பிடப்பட்ட பழைய கிரயப் பத்திரம், 1992க்கு முந்தைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு கொடுத்த தேதிக்கான ஆதாரம் ஆகியவை வீடு அன்று இருந்தது என்பதற்குச் சாட்சி. சாட்சிதான், அனுமதி அல்ல.

மனை அதற்கு அப்பாலுள்ள இருநூறு மீட்டருக்குள் இருந்தால் வழி இருக்கிறது. விண்ணப்பம் போக வேண்டிய இடம் பேரூராட்சி அல்ல, மாநிலத்துக்கென நியமிக்கப்பட்ட தகுதியுள்ள அதிகாரி. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் இணையதளத்தின் வழியாகவே அதைச் சமர்ப்பிக்கலாம். உரிமைப் பத்திரம், மனையின் இருப்பிட வரைபடம், தளத்தின் கிடைப்படமும் முகப்புப் படமும், சின்னத்திலிருந்து உள்ள தூரம், மனையின் புகைப்படங்கள் எல்லாம் கேட்பார்கள். உயரம் எழுதும் இடத்தில் பலரும் பலகை மட்டத்தின் உயரத்தை எழுதிவிடுகிறார்கள். மேலே போடப்போகும் கூரையின் உச்சி வரை, கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தால் அவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். பின்னால் ‘கூரை சும்மா வெயிலுக்குப் போட்டது’ என்றால் எடுபடாது. தகுதியுள்ள அதிகாரி பதினைந்து நாளில் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் தன் சிபாரிசைத் தெரிவிக்க வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் உத்தரவு உங்கள் கைக்கு வர வேண்டும். சித்திரையில் ஆசாரியை வரச் சொல்ல எண்ணினால், ஐப்பசியிலேயே விண்ணப்பியுங்கள்.

2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று முறையால், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையத்தில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு; ஆனால் விபரீதமும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காகிதம் மத்தியச் சட்டத்தின் வளையத்தை அழித்துவிடாது. சான்று கொடுத்தவர் நீங்களே ஆகையால், தவறாகக் கொடுத்த சான்றின் பாரமும் உங்கள் தலையில்தான் விழும்.

பழைய கோயில் அருகில் என்றாலே நூறு மீட்டர் சட்டம் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. பழமை மட்டும் போதாது, பிரகடனம் வேண்டும். பராக்கிரம பாண்டியன் எழுப்பிய தென்காசி காசிவிசுவநாதர் கோயில் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் உள்ளது. அங்கும், நம் ஊர்க் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வீடு உங்களுடையது, அடிமனை யாருடையது? தலைமுறை தலைமுறையாகத் தேவஸ்தானத்துக்கு அடிமனை வாடகை கட்டிவரும் குடும்பங்கள், கட்டட உரிமையையும் நில உரிமையையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, கொல்லையில் தளம் நீட்டி, ஆக்கிரமிப்பு நடவடிக்கையை வரவழைத்துக்கொள்கின்றன. கோயில் நிலத்தை விற்பதும் ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும், அத்துறை ஆணையரின் அனுமதியில்லாமல் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி செல்லா. ஆகையால் ‘முன்னவர் எழுதிக் கொடுத்தார்’ என்னும் துண்டுக் காகிதத்தை நம்பாமல், கோயில் செயல் அலுவலரிடம் எழுத்து மூலமாகச் சம்மதம் வாங்குங்கள். மாநிலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அதையும் அத்துறையிடமே விசாரிக்க வேண்டும்.

குழி வெட்டும்போது ஒரு ஜாக்கிரதை. வாசுதேவநல்லூர் 1767இல் கும்பெனிப் படையின் முற்றுகையைக் கண்ட, பூலித்தேவரின் மண்கோட்டை இருந்த ஊர். இரண்டடி ஆழத் தூண்குழியில் கடப்பாறை ‘ணங்’கென்று எதிலோ பட்டு, பாசி படிந்த காசோ செப்புப் பாத்திரமோ வெளிவருவது ஆச்சரியமல்ல. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதுவானாலும், என்ன, எவ்வளவு, எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை. பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

மலையடிவாரத் தோப்பில் தளம் போடுகிறவர்கள், தங்கள் கிராமம் ஹாகா என்று வழங்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ளதா என்பதையும், காட்டெல்லை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும், வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். தேக்கு வாங்கினால் ரசீதையும் வழிச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அறிவிப்பு வந்துவிட்டால், அன்றே வேலையை நிறுத்துங்கள். இரவோடு இரவாகக் கூரை போட்டு முடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூரையே அவர்களுக்கு எதிரான முதல் சாட்சியம் ஆகிறது. நிற்கும் நிலையில் தேதியோடு புகைப்படம் எடுத்து, குறித்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். எல்லையில் தகராறு இருந்தால் கூட்டு அளவை கேளுங்கள். இடிப்பு உத்தரவே வந்தால் மதுரை உயர் நீதிமன்றக் கிளையை நாடலாம். வக்கீலுக்குக் கொடுக்க இயலாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்குத் தாலுகா சட்டப் பணிகள் குழுவின் மூலம் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போகும்போது மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிடாமல் நகலைக் கொடுங்கள். அறிவிப்பு தபாலில் வந்திருந்தால் அந்த உறையையும் கிழித்தெறியாமல் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள், அதன் மேலுள்ள தபால் முத்திரைத் தேதியைக் காட்டித்தான் உங்கள் கெடுவைப் பற்றி வாதாட வேண்டிவரும்.