டிரோன் வாங்கும் முன் மோட்டாரைச் சோதியுங்கள்

பயிருக்கு மருந்து தெளிக்க இப்போது ரிமோட்டில் இயங்கும் டிரோன்கள் வந்துவிட்டன. மத்திய அரசின் ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. மீதித் தொகையைக் குழுதான் புரட்ட வேண்டும். கடன் வாங்கிய டிரோன் நிறை தொட்டியுடன் வயலில் விழுந்தால் இயந்திரமும் போகும், பயிரும் கருகும். விழாமல் தாங்குவது மோட்டார்தான்.

விற்பவர்கள் பெரும்பாலும் காலித் தொட்டியுடன் பறக்கவிட்டுக் காட்டுவார்கள். கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது பம்புசெட்டை ஓட்டிப் பார்ப்பது போன்றது அது. சுமை ஏறினால்தான் மோட்டாரின் பலம் தெரியும்.

மோட்டாரின் மேல் ‘கேவி’ என்று ஓர் எண் இருக்கும். 100 கேவி என்றால், சுமையில்லாதபோது 1 வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 100 சுற்று. இது வேகக் கணக்கு. பலக் கணக்கு அல்ல. பெரிய விசிறியைச் சுழற்றிப் பாரம் தூக்கும் மோட்டாருக்குக் கேவி குறைவாகவே இருக்கும்.

பலத்தை இப்படிக் கணக்கிடலாம். 6 மோட்டார் டிரோன் ஒன்று, பேட்டரி, நிறை தொட்டி உட்பட 24 கிலோ என்று கொள்வோம். அந்தரத்தில் நிற்க ஒவ்வொரு மோட்டாரும் 4 கிலோ தூக்க வேண்டும். ஆனால் அதன் முழுத் திறன் ஏறக்குறைய 8 கிலோவாவது இருக்க வேண்டும். எதிர்க்காற்றையும் பேட்டரி இறங்குவதையும் சமாளிக்க இந்த மிச்சம் தேவை.

தூக்குதிறன் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். ஒரு மோட்டார் 44 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுத்து 4 கிலோ தூக்கினால், 440 வாட். அதாவது வாட்டுக்கு 9 கிராம். இன்னொன்று அதே 4 கிலோவுக்கு 12 ஆம்பியர் எடுத்தால் வாட்டுக்கு 7.6 கிராம்தான். முதல் மோட்டாரில் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும்.

வயலில் செய்யும் சோதனை எளிது. தொட்டி நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி, பயிற்சிச் சான்று பெற்றவரைக் கொண்டு தாழ்வாக 5 நிமிடம் அந்தரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். இறக்கி, பேட்டரியைக் கழற்றியதும் எல்லா மோட்டார்களின் சூட்டையும் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுட்டால், அந்த மோட்டாரிலோ விசிறியிலோ கோளாறு உண்டு.

தினமும் பேட்டரி மாட்டும் முன் ஒவ்வொரு விசிறியையும் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. தெளித்து முடித்ததும் மோட்டாரில் படிந்த மருந்தை ஈரத்துணியால் துடையுங்கள். விசிறி மாட்டிய மோட்டாரைக் கையில் பிடித்து ஓட்டிப் பார்க்கவே கூடாது, விரல் துண்டாகிவிடும்.

கேள்வி: பறக்கும்போது ஒரு மோட்டார் நின்றால் டிரோன் விழுமா?

பதில்: 4 மோட்டார் டிரோன் நிலை தடுமாறி விழுந்துவிடும். 6 மோட்டார் டிரோனில் மற்ற மோட்டார்களுக்கு மிச்சத் திறன் இருந்தால் பத்திரமாக இறக்க வாய்ப்பு உண்டு. தொட்டி நிறைந்திருந்தால் அதுவும் கடினம். எனவே டிரோன் பறக்கும்போது அதன் கீழே ஆட்களோ கால்நடைகளோ இருக்கக் கூடாது.